பரதம், கூத்து, நாடகம்: மேடை உடை தைத்துத் தருமபுரியிலேயே பிழைக்க முடியுமா?

நிலா_பாலக்கோடு

எல்லோருக்கும் வணக்கம். காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் பி.எஸ்ஸி. இந்த வருடம் முடித்தேன். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல 10 நாள் இருக்கிறது.

எனக்கு ஆசை மேடை உடையில். சின்ன வயதில் எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது கூத்தைப் பார்த்ததைவிட, வேஷம் கட்டும் இடத்தில் நின்று பார்த்ததுதான் அதிகம். சட்டையைக் கழற்றிவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தவர், ஒரு மணி நேரத்தில் துரியோதனனாக எழுந்து நின்றதைப் பார்த்துப் பயந்து அழுதிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். கல்லூரியில் பிளவுஸ், சுடிதார், டி-ஷர்ட் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மேடைக்கு என்று எதுவும் இல்லை.

"டான்ஸ் டிரெஸ் தைச்சு யாரும்மா வீடு கட்டினாங்க?" என்று அப்பா கேட்கிறார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மாங்காய்த்தோப்பு_கிருஷ்ணகிரி

தங்கச்சி, திருப்பூருக்குப் போ. 2 வருடம் சம்பளம் வாங்கு, கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு திரும்பி வா. ஆசை எங்கேயும் ஓடிப்போகாது. நான் ஃபோட்டோ எடுக்கிறவன், இந்த இரண்டு மாவட்ட ஆண்டு விழா பூராவும் சுற்றுகிறேன். மேடை உடைக்கு இங்கே ஆள் தேவைப்படுவது உண்மைதான். ஆனால் கையில் காசு இல்லாமல் தொடங்கினால் முதல் ஆறு மாதம் தாங்காது.

ஊசிநூல்

நிலா, நான் இந்த வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. தருமபுரியில் ஒரு அறை, இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், உதவிக்கு இரண்டு பெண்கள். வீடு கட்டவில்லை. ஆனால் மகனை டிப்ளமோ படிக்க வைத்தது இந்த மெஷின்தான். அப்பாவிடம் அதைச் சொல்.

நானும் முதலில் ரவிக்கை தைத்தவள்தான். பக்கத்துத் தெருவில் பரதம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர், மெட்ராஸில் தைத்த உடை ஒன்றைப் பிரித்துப் பெரிதாக்கக் கொண்டுவந்தார். அதைப் பிரித்தபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பைஜாமா, முன் விசிறி, இடுப்பில் பின்னால் வரும் துண்டு, மேலாக்கு, ரவிக்கை. அஞ்சும் ஒரே புடவையிலிருந்து வந்தவை. கரை எங்கே போயிருக்கிறது, முந்தானை எங்கே போயிருக்கிறது என்று நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்து நானே புதிதாக ஒன்று தைத்தேன். அளவு எல்லாம் சரி, நின்றால் அழகாக இருந்தது. ஒத்திகையில் அந்தப் பெண் முழுமண்டியில், அதாவது முட்டியை விரித்து முழுதாகக் குந்தி, உட்கார்ந்ததும் கவட்டில் டர் என்று கிழிந்தது. அந்தக் குழந்தை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அவளை நிற்க வைத்து அளவெடுத்திருந்தேன். ஆடுகிறவள் நிற்பதே இல்லையே!

அன்றிலிருந்து அரைமண்டியில் (முட்டியை விரித்துப் பாதி உட்காரும் நிலை) உட்கார வைத்து ஒரு அளவு, முழுமண்டியில் ஒரு அளவு, கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி ஒரு அளவு எடுக்கிறேன். அரைமண்டியில் முட்டிக்கு முட்டி எவ்வளவு விரிகிறது என்று பார்த்துத்தான் விசிறியின் மடிப்பைக் கணக்குப் போட வேண்டும். கவட்டில் வைரம் மாதிரி ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும், அக்குளிலும் அதேபோல. முழுமண்டியில் விசிறியின் கீழ்க்கரை தரையில் புரண்டால், எழும்போது கால் பெருவிரல் அதில் மாட்டும். விழுந்தால் குழந்தைக்கு வருடக்கணக்கில் பயம் போகாது. இதெல்லாம் டிசைன்தான். ஜரிகை, சம்கி எல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னொன்று. இப்போது பரதம் என்றாலே இந்த விசிறி வைத்த உடைதான் என்று நினைக்கிறோம். பரதத்தின் பழைய வடிவமான சதிர் ஆடியவர்கள் பைஜாமாவுக்கு மேல் புடவையைச் சுற்றிக் கட்டி ஆடினார்கள். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1935இல் அடையாறில் முதல் முறை மேடையேறினார். அந்தக் காலகட்டத்தில்தான் தைத்துப் போடும் உடை வந்தது. அவர் கோயில் சிற்பத்தைப் பார்த்து, நெசவைப் பார்த்து, உட்கார்ந்து யோசித்து உருவாக்கியது. ஆக நீ கேட்கும் வேலை நம் நாட்டில் புதிதில்லை. ஒரு நாட்டியத்தின் தோற்றத்தையே மாற்றியிருக்கிறது.

நிலா_பாலக்கோடு

அக்கா, இதை மூன்று முறை படித்துவிட்டேன். நிற்க வைத்து அளந்ததுதான் நானும் கற்றது. துணி எங்கே வாங்குகிறீர்கள்? எல்லாவற்றுக்கும் காஞ்சிபுரம் போக வேண்டுமா?

ஊசிநூல்

அரங்கேற்றம் என்றால் நல்ல பட்டு வேண்டும், காஞ்சிபுரம் அல்லது ஆரணி. நம் தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போகும் கூடுகளைப் பார்த்திருப்பாய். இங்கே விளைந்தது எங்கெங்கோ போய்ப் புடவையாகித் திரும்பி வருகிறது. மற்ற நிகழ்ச்சிக்கெல்லாம் இளம்பிள்ளைச் சேலை போதும். கரை அகலமாக இருக்கும், 5.5 மீட்டரில் ஒரு உடை வந்துவிடும். குழு நடனத்துக்கு ஒரே நிறத்தில் 12 வேண்டும் என்றால் பர்கூர். லேஸ், ஜரிகை ரிப்பன் எல்லாம் பெங்களூர் சிக்பேட். காலை பஸ் பிடித்தால் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். தலைசாமான், ஒட்டியாணம், சூரியப்பிறை, சந்திரப்பிறை நல்லதாக வேண்டும் என்பவர்களுக்கு நாகர்கோவில் வடசேரியில் செய்வார்கள்.

பென்னாகரத்தான்

கூத்தாடுகிறவன் நான். அப்பாவும் ஆடினார். பாப்பா, வேஷம் கட்டும் இடத்தில் நின்று பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு டிசைனர் என்று தனியாக ஆள் கிடையாது. அவனவன் முகத்தை அவனவனே எழுதிக்கொள்வான். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை என்று ஒரு வழி இருக்கிறது. அதில் மீசை வளைவும் நெற்றிக்கோடும் கைக்குக் கை மாறும். அதைப் பார்த்தே யார் யாரிடம் கற்றவன் என்று சொல்லிவிடுவேன்.

கட்டைச் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவது. காய்ந்தால் அந்த மரம் அவ்வளவு லேசு. செதுக்கி, தாள் ஒட்டி, ஜிகினா ஒட்டி, கண்ணாடிச் சில்லு பதிப்பார்கள். காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்து என்று சொல்வதே இந்தக் கட்டையை வைத்துத்தான். அந்தக் கண்ணாடி அழகுக்கு மட்டும் இல்லை. கரண்டு இல்லாத காலத்தில் பந்த வெளிச்சத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் "ராஜா வந்துவிட்டான்" என்று சொன்னது அதுதான்.

ஒரு கல்லூரிக் குழு எங்களிடம் ஒரு மாதம் பயின்றது. நல்ல பிள்ளைகள். மேடையேறும்போது கட்டை கனமாக இருக்கிறது என்று தெர்மாகோலில் செய்து போட்டுக்கொண்டார்கள். சுற்றி ஆடும்போது புஜம் இரண்டும் காற்றில் படபடத்தன. கனம் இருந்தால்தான் தோள் நிமிரும் பாப்பா. கட்டையைக் கட்டினால் ராஜா நடை தானாக வரும். லேசாக்கிவிட்டால் நடை போய்விடும்.

ஆகையால் எங்கள் உடையை மாற்ற வராதே. பழுது பார்க்க வா. இடுப்புக்கு அகலம் வரப் பழைய புடவைகளை மடித்து மடித்து உள்ளே கட்டுகிறோம், அது ராத்திரி முழுக்க வியர்வையில் ஊறி விடிகாலையில் கல்லாகக் கனக்கும். அதற்கு ஒரு வழி செய்தால் உனக்குக் கோடிப் புண்ணியம்.

ஊசிநூல்

அண்ணா, கனத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. இதை இதுவரை இந்தக் கண்ணில் நான் பார்க்கவில்லை.

ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பழுது பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் நடுவில் கோடு அவ்வளவு நேராக இல்லை. போன வருடம் ஒரு குழுவுக்கு ரவிக்கை தைத்தேன். பின்னால் நாடாவை எடுத்துவிட்டு வெல்க்ரோ வைத்தேன். பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். ஆனால் ஒரே ஆள் ஒரே இரவில் மூன்று வேஷம் கட்டும்போது நாடா முடிச்சு அவிழ்க்க நேரம் ஏது? மூன்றாம் நாள் அவரே வந்து தனக்கும் வேண்டும் என்றார். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மாற்றலாம், தெரிகிற இடத்தில் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். என் வழக்கம் அது.

பென்னாகரத்தான்

வெல்க்ரோ பிரிக்கும்போது சரக் என்று சத்தம் வரும். திரைக்குப் பின்னால் என்றால் பரவாயில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

சலங்கை_ஓசூர்

நான் ஓசூரில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். தைத்து வாங்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன், நிலா.

என்னிடம் வரும் குழந்தைகளின் வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உண்டு. ஆனால் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "அடுத்த வருஷமும் போடலாமா மேடம்?" வளரும் குழந்தைக்குத் தைக்கும்போது பக்கத்திலும் நீளத்திலும் இரண்டிரண்டு அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுங்கள். அந்த இரண்டு அங்குலத்துக்காகவே பெற்றோர் உங்களைத் தேடி வருவார்கள்.

வியர்வையைப் பற்றி உடையோடு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுங்கள். ஆடி முடித்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காற்றாட விட வேண்டும், ஈரத்தோடு இஸ்திரி போடக் கூடாது, பிளாஸ்டிக் கவரில் மூடக் கூடாது, ஜரிகை கறுத்துவிடும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தால் போதும். உள்ளே லைனிங் எப்போதும் பருத்திதான், வேறு எதுவும் வேண்டாம்.

அப்புறம் விளக்கு. ஒரு விழாவில் என் மாணவிகள் எட்டுப் பேருக்கும் அரக்குச் சிவப்பு. மேடைக்காரர் பச்சை விளக்கைப் போட்டதும் எட்டுப் பேரும் கறுப்பாகிவிட்டார்கள். முகமும் கையும் மட்டும் தெரிந்தன. சிவப்பில் பச்சை விழுந்தால் கறுக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது துணி எடுப்பதற்கு முன்பே விளக்குக்காரரிடம் பேசிவிடுகிறேன். நீங்கள் டிசைனர் என்றால் அந்தப் பேச்சை நீங்கள் பேச வேண்டும்.

அரூர்_வாத்தியார்

அரசுப் பள்ளித் தமிழாசிரியன். 2022இல் அரசுப் பள்ளிகளுக்கான கலைத்திருவிழாப் போட்டி தொடங்கியதிலிருந்து எங்கள் பிள்ளைகளை நாடகத்துக்குத் தயார் செய்கிறேன். நம் மாவட்டத்தில் வேறு என்ன கதை எடுக்க முடியும்? அதியமானும் ஔவையும்தான். வாடகைக் கடைக்குப் போனால் ஔவைக்கு வெள்ளைப் புடவை, வெள்ளை டோப்பா, கோல். அதியமானுக்கு மினுமினுக்கிற சிவப்பு வெல்வெட் அங்கி, அட்டைக் கிரீடம். ஒவ்வொரு வருடமும் பார்த்துப் பார்த்து மனம் ஒப்பவில்லை. ஊசிநூல் அம்மா, நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஊசிநூல்

ஐயா, இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

நீங்கள் தமிழாசிரியர், உங்களுக்குத் தெரியாததில்லை. புறநானூறு 89ஆம் பாட்டில் பகை வேந்தன் ஔவையை எப்படி அழைக்கிறான்? இழை அணிந்தவளே, மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய விறலியே என்று. விறலி என்றால் ஆடிப் பாடுகிறவள். அவள் கிழவி இல்லை. வெள்ளை முடியும் கோலும் பின்னால் வந்த இன்னொரு ஔவையின் தோற்றம், அது சங்ககால ஔவை மேல் ஏறிவிட்டது. நான் உடுத்தினால் மரநிறப் பருத்திச் சேலை, கணுக்காலுக்கு மேலே, நடக்க வசதியாகக் கட்டி, கழுத்தில் மணிமாலை, கண்ணில் மை, தோளில் ஒரு மூட்டை, கையில் யாழோ பறையோ. ஊர் ஊராக நடக்கிறவள். சேலைக் கீழ்க்கரையில் செம்மண் இருக்க வேண்டும். சாயம் தேவையில்லை, உங்கள் பள்ளி மைதான மண்ணே போதும்.

நடுவர்கள் "ஔவை எங்கே?" என்று கேட்பார்கள். முதல் வசனத்திலேயே அந்தப் பாட்டைச் சொல்ல வைத்துவிடுங்கள்.

அதியமானுக்கு 95ஆம் பாட்டைப் பாருங்கள். தொண்டைமானிடம் தூது போனவள் அவன் ஆயுதச்சாலையைப் பார்த்துச் சொல்கிறாள்: இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலோடு இருக்கின்றன, எங்கள் அரசனின் வேல்கள் நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அந்த ஒரு பாட்டு போதும் ஐயா, இரண்டு அரசர்களையும் உடுத்தி முடிக்கலாம். மினுமினுப்பை எல்லாம் தொண்டைமானுக்குக் கொடுங்கள். அதியமானுக்குக் காடாத் துணியை டீத்தூள் டிகாக்ஷனில் முக்கி, காய்ந்ததும் தோளிலும் முட்டியிலும் உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பைக் கொஞ்சம் பிரித்துவிடுங்கள். பார்த்தவுடனே யார் போருக்குப் போனவன் என்று தெரியும்.

கச்சையை எப்படிக் கட்டுவது, கொண்டை எந்தப் பக்கம் என்பதற்குத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அவை அதியமான் காலத்துக்குப் பிந்தியவைதான், ஆனால் இந்த மண்ணின் வீரன் வில்லும் வாளும் பிடித்து இடுப்பில் துணியை எப்படி இறுக்கியிருந்தான் என்று கல்லிலேயே காட்டுகின்றன. வெல்வெட் அங்கி ஒன்றுகூட அங்கே இல்லை.

அரூர்_வாத்தியார்

அம்மா, இருபது வருடமாக அந்தப் பாட்டை நடத்துகிறேன். அதை உடையாக நினைத்துப் பார்த்ததில்லை. இந்த வருடம் செய்கிறோம். பிள்ளைகளே துணியை முக்கட்டும்.

கறுப்புத்திரை

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் நாடகம் படித்தவன், சொந்த ஊர் காவேரிப்பட்டினம். நிலா மேலே படிக்க நினைத்தால்: டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடப் படிப்பு, அதில் வடிவமைப்பைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். பட்டத்தோடு நாடக அனுபவமும் கேட்பார்கள், அதனால் இப்போதே ஏதாவது ஒரு குழுவில் வேலை செய்யத் தொடங்குங்கள். அல்காஸி அந்தப் பள்ளியை நடத்திய காலத்தில் அவருடைய மனைவி ரோஷன் அல்காஸி நாடகங்களுக்கு உடை அமைத்தார். பழைய இந்திய உடைகளை வரலாற்று ஆதாரத்தோடு ஆராய்ந்தவர் அவர். கன்னடம் தெரிந்தால் கர்நாடகத்தில் ஹெக்கோடு நீநாசம் நாடகப் பள்ளி இருக்கிறது. நம் தேன்கனிக்கோட்டை, ஓசூர் பிள்ளைகளுக்கு மொழி தடையாக இருக்காது.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் ஆஸ்கர் விருது நடிப்புக்கோ இசைக்கோ இல்லை, உடைக்குத்தான். 1983இல் காந்தி படத்துக்காக, கோலாப்பூரில் பிறந்த பானு அத்தையா வாங்கியது.

மாங்காய்த்தோப்பு_கிருஷ்ணகிரி

எல்லாம் அருமை. ஆனால் தங்கச்சியின் அப்பா கேட்டது காசைப் பற்றி. ஊசிநூல் அக்கா, அதை இன்னும் சொல்லவில்லையே.

ஊசிநூல்

சொல்கிறேன் தம்பி. சொல்ல வேண்டியதுதான்.

மார்கழியிலிருந்து பங்குனி வரை பள்ளி ஆண்டு விழாக்கள். அப்போது தூக்கம் கிடையாது. அப்புறம் கோயில் திருவிழா, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு, நவராத்திரி என்று விட்டு விட்டு வரும். நடுவில் ஒரு வேலையும் இல்லாத மாதங்கள் இரண்டு மூன்று நிச்சயம். அந்த மாதங்களில் என் வீட்டில் அடுப்பு எரிவது ரவிக்கையாலும் வாடகை உடையாலும்தான். வாடகை என்றால் கரகம், காவடி, பாரதியார், வேலுநாச்சியார், பாரத மாதா. இவற்றை ஒரு தடவை நன்றாகத் தைத்து வைத்தால் வருடக்கணக்கில் ஓடும். புதிதாக யோசித்து ஒரு நாடகத்துக்கு உடை அமைக்கும் வேலை வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான் வரும். எனக்கு உயிர் அதில்தான். ஆனால் சாப்பாடு மற்றதில்.

ஒரு தனியார் பள்ளிக்கு 40 உடை தைத்துக் கொடுத்தேன். விழா முடிந்தது, பாதிப் பணம் வரவே இல்லை. ஆறு மாதம் அலைந்து விட்டுவிட்டேன். உதவிக்கு வந்த பெண்களுக்குக் கூலியை நகை அடகு வைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் துணி வாங்கும் முன் பாதி, உடையைக் கையில் கொடுக்கும்போது மீதி. ஒரு வெள்ளைத்தாளில் எத்தனை உடை, என்ன தேதி, எவ்வளவு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. தெரிந்தவர், சொந்தக்காரர் யாராக இருந்தாலும் இதுதான். நிலா, இதில் மட்டும் முகம் பார்க்காதே. யோசிப்பதற்குத் தனியாகக் கூலி கேள். தையல் கூலியிலேயே அதையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால் யாரும் சேர்க்க மாட்டார்கள். அதை நான் கேட்கத் தொடங்கவே எனக்கு 11 வருடம் ஆனது.

திருப்பூரைப் பற்றி: போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே ஒரு துணியைத் தொட்டாலே கிராம் கணக்கு சொல்லப் பழகிவிடுவாய், அது இங்கே உதவும். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு உடையாவது ஆடுகிற உடம்பு ஒன்றுக்குத் தைத்துப் பார். கல்லூரி தந்த சான்றிதழ் அதைச் சொல்லாது.

நிலா_பாலக்கோடு

வெள்ளிக்கிழமை இரவு பக்கத்து ஊரில் கூத்து. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வேஷம் கட்டுபவர்களிடம் கேட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து, பென்னாகரத்தான் அண்ணா சொன்ன மாதிரி இடுப்புக்குள் மடித்துக் கட்டும் புடவைகளை எண்ணினேன். ஒருவருக்கு நான்கு, இன்னொருவருக்கு ஐந்து. விடிகாலையில் அவிழ்த்தபோது தொட்டுப் பார்த்தேன், பிழிந்தால் தண்ணீர் கொட்டும் போல இருந்தது. இடுப்பெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

உடம்போடு ஒட்டும் முதல் சுற்றுக்கு மட்டும் சேலைக்குப் பதிலாக மெல்லிய பருத்தியில் பை மாதிரித் தைத்து, உள்ளே இலவம்பஞ்சு வைத்தால் கனம் குறையுமா? மேலே அதே புடவைகள்தான், வெளியே தெரியாது. அப்பா பஸ்ஸில் வரும்போது ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அந்த துரியோதனன் இடுப்பைப் பார்த்தியா, எப்படிப் புண்ணாயிருந்தது" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பென்னாகரத்தான்

இலவம்பஞ்சு வியர்வையில் கட்டியாகிவிடும் பாப்பா. தேங்காய் நார் குத்தும். வேறு யோசி. ஆனால் பை என்றது சரி. தைத்தால் முதலில் என் இடுப்பில் கட்டிப் பார்க்கலாம், அடுத்த வாரம் இரண்டு இரவு ஆட்டம் இருக்கிறது.

ஊசிநூல்

பஞ்சே வேண்டாம் நிலா. பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத்தையல் போட்டு, நடுவில் காற்றுப் போகச் சந்து விட்டுத் தைத்துப் பார்க்கலாம். அவிழ்த்துத் துவைத்தால் மறுநாளைக்குள் காய்ந்தும் விடும்.

ஞாயிறு காலை 10 மணிக்கு என் இடத்துக்கு வா, விலாசம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். 4 மீட்டர் காடாத் துணி, இஞ்ச் டேப், உன் நோட்டு. துணியை முதல் நாளே தண்ணீரில் முக்கிக் காய வைத்துவிடு, இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கும். சுடிதார் போட்டுக்கொண்டு வா. உன்னையே அரைமண்டியில் உட்கார வைத்துத்தான் முதல் அளவு எடுக்கப்போகிறோம்.